பழகிய தட்பவெப்பம்

குடியேற்ற அலுவலகத்துப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி அது. ‘பழகிய தட்பவெப்பம்’ என்று போட்டு, பக்கத்தில் மூன்று கட்டம்: வெப்பம், மிதம், குளிர். பதினோரு வருஷமாக நம் ஆட்கள் யார் வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தாலும், முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். பெயர் கேட்பேன், தகப்பன் பெயர் கேட்பேன், உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்பேன். இதை மட்டும் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. நம் ஜனத்தைப் பார்த்து வெயில் பழக்கமா என்று கேட்பது மீனைப் பார்த்து நீந்தத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி என்று ஒருநாள் நானே வேடிக்கையாகச் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ரெண்டு போடலாம் போலிருக்கிறது.

அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில், வாசலை ஒட்டி என் மேஜை. படிவம் எழுதிக் கொடுப்பதற்கு அலுவலகமே கொடுத்த அனுமதி அட்டை கழுத்தில் தொங்கும். நம் ஆட்கள் என்னை ‘ஃபார்ம் அக்கா’ என்பார்கள். படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் விழுகிறதோ அதைப் பார்த்துத்தான் குடும்பத்தை எந்த ஊருக்கு அனுப்புவது என்று அலுவலகம் முடிவு செய்யும். வெப்பம் என்றால் இந்த ஊர். மிதம் என்றால் கடலோரம். குளிர் என்றால் நாலு மணி நேரம் பஸ்ஸில் ஏறிப் போகிற மலை ஊர். எழுதின ஊரில் ஐந்து வருஷம் இருந்தாக வேண்டும். நடுவில் மாறினால் அனுமதி போய்விடும்.

நம் ஆட்கள் எல்லோரும் ஏன் இங்கேயே வந்து அடைந்தார்கள் என்றால், அதற்கு மேஸ்திரி காரணம். இருபது வருஷத்துக்கு முன்னால் முதலில் வந்த பத்துப் பேரில் அவர் ஒருத்தர். ஆளுக்கு ஒரு மெல்லிய சட்டையோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். மலை ஊரில் குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்து போகும் என்று யாரோ சொல்ல, அந்த பஸ் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இங்கே தங்கிவிட்டார்கள். பிறகு ஊருக்குப் போன ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே சேதி: இங்கே துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, கம்பளி வாங்க வேண்டாம், நம்ம ஊர் வெயில் மாதிரியேதான் இருக்கிறது. அதை நம்பித்தான் அண்ணன் பின்னால் தம்பி, தம்பி பின்னால் மச்சான் என்று ஒரு தெருவே வந்து சேர்ந்தது. நானும் அப்படி வந்தவள்தான்.

வெயில் என்னவோ அதே வெயில்தான். ஆனால் ஊரில் வெயில் பழக்கம் என்றால் உச்சி நேரத்தில் நிழலுக்குப் போகிற பழக்கம் என்றுதான் அர்த்தம். பத்தரை மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு, சாப்பிட்டுப் படுத்து, நாலு மணிக்கு எழுந்து மிச்சத்தைப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தை எல்லாம் விட்டுவிட்டு வெயிலை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தோம். இங்கே கடிகாரத்துக்கு நிழல் தெரியாது.

இந்த ஊரில் பெரிய வேலை என்றால் சலவைக் கம்பெனிதான். ஆஸ்பத்திரி, ஹோட்டல் படுக்கை விரிப்பு எல்லாம் லாரி லாரியாக வரும். கம்பெனியில் ரெண்டு கூடம். ஒன்று மடிப்புக் கூடம்: பெரிய ஜன்னல், தலைக்கு மேலே விசிறி, உட்கார ஸ்டூல். அதில் இந்த ஊர்க்காரர்கள். இன்னொன்று ஆவிக் கூடம். துவைத்துப் பிழிந்த விரிப்பு ஈரக் கனத்தோடு தள்ளுவண்டியில் வரும். ரெண்டு ஆள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உதறி, சுருக்கம் இல்லாமல் இழுத்து, சுடுகிற உருளைக்குள் விடவேண்டும். மறுபக்கம் இஸ்திரி போட்டு வெளியே வரும். ஒரு விரிப்பு போய் மூச்சு விடுவதற்குள் அடுத்த விரிப்பு. தூசி படும் என்று ஜன்னல் வைக்கவில்லை. மேலே தகரம். அங்கே முழுக்க நம் ஆட்கள்.

ஏன் இப்படி என்று எப்போதோ ஒருத்தன் கேட்டதற்கு மேனேஜர், உங்களுக்குத்தான் பழக்கமாயிற்றே என்றாராம். அதைப் போய், அந்தக் கூடத்து ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி ஒரு பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார். நம்ம ஆளுங்க தாங்குவாங்க, அவனுங்க ஒரு மணி நேரம் நின்னா சுருண்டு விழுந்துடுவானுங்க என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். இதில் ஒரு வழக்கம் வேறு வளர்த்து வைத்திருந்தார். உருளை ஓடுகிற நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போனால் ஜோடி ஆள் தனியாக மாட்டிக்கொள்வான். அதனால் யாராவது குழாய்ப் பக்கம் நகர்ந்தால், ‘தோ, தண்ணி லாரி கெளம்பிடுச்சு’ என்று சத்தம் போடுவார். கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஆண்பிள்ளைகள் காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனால் சாயங்காலம் வரைக்கும் வாய் நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பதில் ஒரு வீரம்.

மேஸ்திரியின் கூடப்பிறந்த தம்பிதான் நெட்டையன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டியோடு வந்தான். நிஜமாகவே நெட்டை; என் மேஜை முன்னால் உட்கார்ந்தபோது முட்டி மேஜையில் இடித்து மைப்பெட்டி கவிழ்ந்தது. அதிகம் பேசமாட்டான், ஆனால் எதற்கும் சிரிப்பான். மேஸ்திரி கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். அவன் பெண்டாட்டி அதே கம்பெனிக்குக் கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுப்பாள், தெருவில் ‘தையல்காரி’ என்றால் அவள்தான். நான் குடியிருக்கும் கட்டிடத்தில் மாடியில் ரெண்டு அறை அவர்களுக்கு. பகல் முழுக்க அவள் தையல் மிஷின் சத்தம் என் தலைக்கு மேலே ஓடும். மேல் கூரை தகரம் என்பதால் மத்தியானத்தில் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு வந்துவிடுவாள். ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தைப்பாள். இந்தப் பொண்ணுக்கு மட்டும் என்ன இவ்வளவு அலட்டல் என்று நான்கூட நினைத்திருக்கிறேன்.

இந்தக் கோடை ஆரம்பத்தில் நெட்டையன் உருளைக்கு முன்னால் விழுந்தான். கை உள்ளே போகாமல் ஜோடி ஆள் இழுத்துவிட்டான், அதுவரைக்கும் புண்ணியம். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் பெண்மணி பொறுமையாகத்தான் சொன்னார். தண்ணீர் இல்லாமல் மூன்று கோடையாக வெந்து வெந்து ரெண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் போய்விட்டன. இத்தோடு அந்தக் கூடத்தை விட்டுவிட்டுக் குளிர்ந்த ஊருக்குப் போனால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இந்தக் கோடையையும் அங்கேயே நின்றால் பிறகு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷின்தான். சிறுநீர் கறுத்துப் போனதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் கேட்டதற்கு, எல்லாருக்கும் அப்படித்தானே போகுது என்றானாம் நெட்டையன்.

அதே கம்பெனிக்கு மலை ஊரிலும் ஒரு கிளை உண்டு. அங்கே ஆள் தேவை என்று நோட்டீஸ் பலகையில் வருஷம் முழுக்க ஒட்டியே இருக்கும். தையல்காரி டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே என் மேஜைக்கு வந்தாள். இடமாற்றத்துக்கு மனு எழுதினேன். நல்லபடியாகவே எழுதினேன். எட்டாம் நாள் பதில் வந்தது. விண்ணப்பதாரர் குடும்பத்தினர் வெப்பப் பகுதிக்குப் பழகியவர்கள் என்று தாமே தெரிவித்திருப்பதால், அவர்களுடைய நலன் கருதிக் குளிர்ப் பகுதிக்கு அனுப்ப இயலவில்லை. நலன் கருதியாம்.

காகிதத்தை நான் படித்துக் காட்டி முடித்ததும் அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, தாமேன்னு போட்டிருக்கே, யாரு தெரிவிச்சா?”

“ஃபார்ம்ல இருக்கு.”

“ஃபார்ம் எழுதினது யாரு?”

“நான்தான்.”

“எங்கிட்ட கேட்டீங்களா?”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எங்கப்பா வீடு மலையில இருக்குக்கா. வருஷத்துல ஆறு மாசம் அடுப்பை ஒட்டித்தான் படுப்போம். விடியக்காலைல தொட்டித் தண்ணில கை வச்சா விரல் மரத்துப்போயிடும். கல்யாணம் ஆகித்தான் கீழ எறங்கினேன். இங்க வந்து மூணு வருஷமாச்சு, ஒரு நாள் முழுசாத் தூங்கினதில்ல. உடம்பெல்லாம் கொப்புளம். சொன்னா யாரு நம்புறா? நம்ம ஆளுன்னா வெயிலுன்னு நீங்களே முடிவு பண்ணி வச்சிருக்கீங்க.”

“அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

“மீனு கதை சொன்னீங்க. வரிசையே சிரிச்சுது. அவரு அண்ணன் பக்கத்துல நின்னு சிரிச்சாரு. புதுசா வந்தவ, அதுக்கு நடுவுல எந்திரிச்சு எனக்குக் குளிர்தான் பழக்கம்னு சொல்லுவனா?”

அன்று சாயங்காலம் மாடியில் பேச்சு நடந்தது, நானும் போயிருந்தேன். நெட்டையன் சுவர் ஓரம் பாயில் சாய்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது. மேஸ்திரி வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சட்டை முதுகில் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு. தையல்காரி சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தாள், கையைத்தான் நனைத்தார், சாப்பிடவில்லை.

மலை ஊருக்குப் போகிற எண்ணத்தையே விட்டுவிடச் சொன்னார். பனியில் நம் ஆட்களுக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும், கை கால் விறைக்கும், மூன்று மாதம் வெயில் முகமே தெரியாது என்று அடுக்கினார். நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா மாமா என்று அவள் கேட்டாள். பார்த்ததில்லை. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. பார்த்தவன் யாராவது சொன்னானா என்றாள். அதுவும் இல்லை. எல்லோரும் சொல்வார்கள் என்றார்.

“எல்லாரும்னா நீங்கதான் மாமா. நீங்க சொன்னீங்க, இவங்க எழுதினாங்க, ஆபீஸ்ல முத்திரை போட்டாங்க.”

“நான் உங்களுக்குக் கெட்டது நெனப்பனா? இங்க தெரு முழுக்க நம்ம சனம் இருக்கு. ஒண்ணுன்னா ஓடி வர நூறு பேரு. அங்க யாரும்மா இருக்கா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தூக்கக்கூட நாலு ஆளு கெடைக்காது.”

“தூக்க ஆளு இருக்குன்னு இங்கயே சாகணுமா மாமா?”

மேஸ்திரி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். நெட்டையன், ஏய், அண்ணன்கிட்ட அப்படிப் பேசாதே என்று மெதுவாகச் சொன்னான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“நீங்க சும்மா இருங்க. மூணு வருஷமா அண்ணன் சிரிப்பாருன்னு தண்ணி குடிக்கல. இன்னும் என்ன மரியாதை பாக்கி இருக்கு?”

பிறகு மேஸ்திரி தானாகவே சொன்னார். அன்று காலையில் அவர் மேனேஜரிடம் போய்த் தம்பியை மடிப்புக் கூடத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கெஞ்சியிருக்கிறார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, மேஸ்திரி, உங்க ஆளுங்க தாங்குவாங்கன்னு எங்கிட்ட வருஷா வருஷம் சொன்னது நீங்கதானே, ஒருத்தனை மாத்தினா எல்லாரும் கேட்பாங்க, அப்புறம் ஆவிக் கூடத்துல யாரு நிப்பா என்றாராம். இதைச் சொல்லும்போது மேஸ்திரி எங்கள் ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்துவிட்டுப் படி இறங்கினார்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஐந்து வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டால் அனுமதி ரத்து. ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் பத்து நாள்தான் விடுப்பு. பதினோராம் நாள் நெட்டையன் மறுபடியும் ஈர விரிப்பின் முனையைப் பிடித்தான். இந்தத் தடவை இடுப்பில் ஒரு பாட்டிலைக் கட்டிக்கொண்டு போனான், மேஸ்திரி எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் குழாய்க்குப் போய்க் குடிக்க ஆரம்பித்தார்களாம். நல்ல விஷயம்தான், மூன்று கோடை தாமதமாக வந்தது.

நான் அலுவலகத்துக்குப் போனேன். பதினோரு வருஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிறேன், அதிகாரி அறைக்குள் போனது அன்றுதான். மரியாதையான மனுஷன், நாற்காலி கொடுத்தார். சுவரில் படம் மாட்டியிருந்தது. ஒவ்வொரு தேசத்து ஆட்களும் எந்த ஊரில் குடியேறினார்கள் என்று கலர் கலராகக் குண்டூசி. நம் கலர் முழுக்க இந்த ஊர் மேல் குத்தியிருந்தது. மலை ஊர் மேல் ஒன்றுகூட இல்லை. அவர் அதைக் காட்டி, ஜனங்கள் எந்தத் தட்பவெப்பத்திலிருந்து வருகிறார்களோ அதே தட்பவெப்பத்தைத் தேடிப் போகிறார்கள், இது இயற்கை, உங்கள் ஆட்களில் பதினோரு வருஷமாக ஒருவர்கூடக் குளிர் கேட்டதில்லை, அந்த விருப்பத்தை நாங்கள் மதிக்கிறோம் என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“அது அவங்க விருப்பம் இல்லீங்க. என் கை. நான் கேட்காமலேயே டிக் போட்டேன். அந்தக் குண்டூசி ஒவ்வொண்ணும் நான் குத்தினது.”

அவர் முதலில் நம்பவில்லை. பிறகு முகம் மாறியது. அப்படி எழுதிக் கொடுத்தால் என் அனுமதி அட்டை போய்விடும், நான் எழுதிய படிவம் அத்தனையும் சந்தேகத்துக்கு வரும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவர் மேஜையிலேயே வெள்ளைத்தாள் வாங்கி அங்கேயே எழுதினேன். இன்ன தேதியில் இன்ன குடும்பத்திடம் ஒன்பதாவது கேள்வியைக் கேட்காமல் நானாகவே நிரப்பினேன், அந்த வீட்டுப் பெண் குளிர்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். அட்டையை உடனே எடுத்துக்கொண்டார்கள். தாள் மட்டும் மேஜை மேஜையாக நகர ஆரம்பித்தது.

விசாரணை என்றார்கள், சரிபார்ப்பு என்றார்கள், மேலிடம் என்றார்கள். வாரத்தில் ரெண்டு நாள் தையல்காரியும் நானும் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவோம். அவள் பிறந்த ஊர் குளிர் ஊர்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். ஒரு மனுஷி எந்தக் குளிரில் பிறந்தாள் என்பதற்கு எந்த ஆபீசில் அத்தாட்சி கொடுப்பார்கள்? ஊரிலிருந்து அவள் அண்ணன், வீட்டுக் கூரைமேல் பனி வெளுத்துக் கிடக்கிற ஒரு பழைய போட்டோவை அனுப்பினான். அதில் சின்னப் பெண்ணாக இவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அதை வைத்துக்கொண்டு, இது எந்த மாதம் எடுத்தது என்று ஒரு கிளார்க் கேட்டான். அவள் என் கையைப் பிடிக்காவிட்டால் அன்றைக்கு அவன் மேஜை கவிழ்ந்திருக்கும்.

அதற்குள் கோடை முற்றியது. தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. சலவைக் கம்பெனியில் சீசன் என்று ஞாயிற்றுக்கிழமையும் உருளையை ஓட்டினார்கள். நான் தாள் எழுதிக் கொடுத்த மூன்றாவது மாதம் முதல் வாரம் நெட்டையன் மறுபடியும் விழுந்தான். இந்தத் தடவை மேஸ்திரிதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைவிட்டு வெளியே ஓடி வந்தாராம். உருளை ஓடும்போது யார் வெளியே போகச் சொன்னது என்று மேனேஜர் கத்தியதற்கு, போய் நீயே பிடிடா என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாராம்.

பதினெட்டு நாள் கழித்து மலை ஊருக்கு அனுமதி வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தையல்காரி ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் பெண்மணியிடம் காட்டினாள். அவர் காகிதத்தைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இனி வாரம் மூன்று நாள் மிஷினில் போட்டாக வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மிஷின் இருக்கிறது, இன்னும் நாலு வரப்போகிறது. மலை ஊர் ஆஸ்பத்திரியில் ஒன்றுகூட இல்லை. அங்கே அந்த அளவுக்கு யாருக்கும் தேவைப்பட்டதில்லையாம்.

தையல்காரி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அனுமதிக் கடிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு நடைபாதையில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். ஆபீஸைத் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், மூத்தாரைத் திட்டினாள், என்னைத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

முதல் நாள் மிஷின் அறைக்கு அவளோடு நானும் மேஸ்திரியும் போனோம். நீளமான அறை. பன்னிரண்டு கட்டிலில் ஒன்பது பேர் நம் ஆட்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும், எல்லோருக்கும் படிவம் எழுதியது நான்தான். ஆவிக் கூடத்து ஆட்கள் நாலு பேர், செங்கல் சூளை ஆட்கள் மூன்று பேர், தார் போடுகிறவர்கள் ரெண்டு பேர். என்னைப் பார்த்ததும் ஃபார்ம் அக்கா வந்திருக்காங்க என்று ஒருத்தன் படுத்தபடியே கை தூக்கி வணக்கம் வைத்தான். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மிஷின் சூடாகக் கூடாது என்று அந்த அறையை எந்நேரமும் குளிராக வைத்திருக்கிறார்கள். உள்ளே போன ரெண்டு நிமிஷத்தில் எனக்குப் பல் கிட்டியது. நெட்டையனைப் படுக்கவைத்துக் குழாய் மாட்டினார்கள். கட்டிலுக்கு வெளியே கால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் மடித்த கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, அன்பாகத்தான், உங்க ஊர்க்காரங்களுக்குக் குளிர் ஆகாதே என்று சொல்லிக்கொண்டே அவன்மேல் விரிக்கப் போனாள்.

நெட்டையன் கையை நீட்டித் தடுத்தான்.

“வேணாம்மா. நல்லாத்தான் இருக்கு.”

நர்ஸ் அடுத்த கட்டிலைப் பார்த்தாள், அதற்கடுத்த கட்டிலையும் பார்த்தாள். ஒன்பது பேரில் ஒருத்தன்மேலும் கம்பளி இல்லை. எல்லாம் கால்மாட்டில் மடித்தபடியே இருந்தது. மேஸ்திரி நர்ஸ் கையிலிருந்த கம்பளியை வாங்கி, மறுபடியும் மடித்துத் தம்பியின் கால்மாட்டில் வைத்தார்.